ஐம்பத்தெட்டு நாள்காட்டிகள்

2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18-ஆம் நாள், திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்கு, பெங்களூரில் ஒரு மனநல ஆய்வு மையத்தின் இரண்டாம் மாடிக் கூட்ட அறையில், ஒன்பது மாத ஆய்வு ஒன்றின் முடிவு முதன்முறையாகத் திறந்து காட்டப்பட்டது. அறையில் நால்வர் இருந்தனர்: திட்டத்தின் தலைவர் மருத்துவர் சீனிவாசராகவன், எண்களைத் தொகுத்த கிஷோர், களப்பணியாளர்களான வீணா, சொர்ணம். ஆய்வில் சேர்ந்திருந்த பெண்கள் நூற்றுப் பதினெட்டுப் பேர். அவர்களில் அறுபது பேர் லிங்கராஜபுரத்தில் இருந்தனர். ஐம்பத்தெட்டுப் பேர் தொம்மலூரில் இருந்தனர். எல்லோரும் நாற்பத்தைந்து வயதைக் கடந்த தமிழ்ப் பெண்கள். எல்லோரும் தனியாக வசித்தார்கள், அல்லது தனியாக வசிப்பதற்கு நிகராக வசித்தார்கள்.

ஆய்வின் கேள்வி எளியது. மருத்துவப் பட்டம் இல்லாத, அதே பகுதியில் பிறந்து வளர்ந்த பெண்களுக்கு மூன்று மாதம் பயிற்சி கொடுத்து, அவர்களை வாரம் ஒரு மணி நேரம் மனச்சோர்வுற்றவர்களோடு உட்கார்ந்து பேசவைத்தால் அந்தச் சோர்வு குறையுமா? எந்தப் பகுதிக்கு முதலில் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். லிங்கராஜபுரத்துக்கு விழுந்தது. தொம்மலூர் காத்திருக்க வேண்டியதாயிற்று. காத்திருப்போருக்கு ஒன்பது மாதம் வேறு எதுவும் கிடையாது; மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொர்ணம் வந்து ஒன்பது கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போவாள். விடைகளைக் கூட்டி வரும் எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சோர்வு. முடிவு நல்லபடியாக வந்தால் ஜனவரியில் அவர்களுடைய முறை வரும். ஒப்புதல் படிவத்தில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. அதைச் சொர்ணம் ஐம்பத்தெட்டு வாசல்களில் நின்று வாய்விட்டுப் படித்திருந்தாள்.

கிஷோர் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினான். ஒன்று நீலம், மற்றொன்று சிவப்பு. ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடந்தன.

"ரெண்டும் ஒண்ணாவே எறங்குது சார். லிங்கராஜபுரம் பதினஞ்சுலேர்ந்து எட்டு. தொம்மலூரும் பதினஞ்சுலேர்ந்து எட்டு. வித்தியாசம்னு சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல."

"அப்ப நம்ம பொம்பளைங்க பேசினது வேலை செய்யலையா?" என்று வீணா கேட்டாள்.

"செஞ்சுதே! சும்னே, சும்மாவே ஒக்காந்திருந்தவங்களுக்கும் அதே அளவுக்கு வேலை செஞ்சிருக்கு. அதான் தலைவலி."

சீனிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இப்படியே எழுதினா, 'பேசறதும் ஒண்ணுதான், பேசாம விடறதும் ஒண்ணுதான்'னு ஆயிடும். ஜனவரி கட்டம் அப்புறம் எதுக்கு? யாரும் ஒத்துக்க மாட்டா." பிறகு சொர்ணத்தைப் பார்த்தார். "தொம்மலூர்ல வேற யாராவது ஏதாவது பண்ணாளா? சங்கம், சர்ச், கார்ப்பரேஷன் முகாம், எதாவது?"

"இல்ல சார்" என்றாள் சொர்ணம்.

அவள் வாய் திறந்த நொடியில் அது பொய் அல்ல. அடுத்த நொடியில் பொய்யாயிற்று.

சொர்ணத்தை அறிந்தவர்கள் அவளிடம் ஒரே ஒரு குறையைத்தான் சொல்வார்கள். அவளிடம் குறை காண முடியாது என்பதே அது. பதினோரு ஆண்டுக் களப்பணியில் அவள் கொடுத்த படிவங்களில் அடித்தல் திருத்தல் கிடையாது. கேள்வியை அச்சிட்டபடியே படிப்பாள். ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். காபி கொடுத்தால் குடிப்பாள்; அறிவுரை கேட்டால் சொல்லமாட்டாள், ஏனென்றால் சொல்லக் கூடாது என்பது விதி. வீணாவைப் பழக்கியவளும் அவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீணா ஒரு படிவத்தின் ஓரத்தில், 'இவர் மறைக்கிறார் என நினைக்கிறேன்' என்று எழுதிக் கொண்டுவந்தாள். சொர்ணம் அந்தத் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தாள். "அவங்க சொன்னத எழுது. நீ நெனச்சத எழுதாத. உன் நெனப்புக்கு இதுல கட்டம் இல்ல."

இப்படிப்பட்டவள் எங்கே தவறினாள் என்றால், அந்த ஒழுங்கிலேயேதான் தவறினாள்.

பிப்ரவரியில் முதல் சுற்று நடந்தபோது, தொம்மலூரின் பழைய ஊர்ப்பகுதியில், ஓர் ஓட்டு வீட்டின் முன்னறையில் ரத்தினம்மாளின் எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள். ரத்தினம்மாளுக்கு வயது ஐம்பத்தொன்பது. எதிரே நிற்கும் கண்ணாடிக் கட்டடத்தில் பதினாலு ஆண்டு தரை துடைத்தவள். ஊரடங்கின்போது ஒப்பந்தம் போயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு கணவன் போனான். ஓசூரில் இருந்த மகன் போகவில்லை, வரவும் இல்லை. சுவரில் ஒரு புத்தர் படமும், அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் இருந்தன. நாளெல்லாம் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"கடந்த இரண்டு வாரங்களில், எதிலும் ஈடுபாடோ மகிழ்ச்சியோ இல்லாமல் எத்தனை நாள் இருந்தீர்கள்?" என்று சொர்ணம் படித்தாள்.

"இன்னா நாளு? விடியுது, அந்தக் கண்ணாடி பில்டிங்குல வெயிலு பட்டு மூஞ்சில அடிக்குது, அப்பால சாயுது. எல்லாம் ஒரே நாளுதான். பேஜாரு. எழுதிக்கோ."

"எத்தனை நாள்னு சொல்லணும் ரத்தினக்கா. ஒண்ணு ரெண்டு நாளா, பாதி நாளுக்கு மேலயா, தெனமுமா?"

"நீயே ஒண்ணு போட்டுக்கோம்மா. படிச்சவதானே."

ஐம்பத்தெட்டுப் பேரில் நாற்பது பேராவது இதையே வேறு வேறு சொற்களில் சொன்னார்கள். நாள்களை எண்ணாதவர்களிடம் எத்தனை நாள் என்று கேட்டால் வேறென்ன வரும்? மதிப்பாகச் சொன்னதை எண்ணாக எழுதுவது சொர்ணத்துக்கு அழுக்குத் துணியை மடித்து அலமாரியில் வைப்பதுபோல் இருந்தது. முதல் சுற்று முடிந்த மறுவாரம் அவள் கோதண்டராமனின் மளிகைக் கடைக்குப் போனாள். புத்தாண்டுக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க அவர் அச்சடித்திருந்த தினசரி நாள்காட்டிகள் ஒரு கட்டு மிஞ்சியிருந்தன.

"பிப்ரவரி மாசத்துல காலண்டர் கேக்கறது நீங்க ஒருத்தர்தாம்மா. ஒண்ணு போதுமா?"

"ஐம்பத்தெட்டு வேணும்."

"ஐம்பத்தெட்டு வீடா ஒங்களுக்கு? கொடுத்து வெச்சவங்கம்மா!"

வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்து, ஆணி இல்லாத இடத்தில் ஆணியும் அடித்து மாட்டினாள். தினமும் மாலையில் அன்றைய தாளைக் கிழிக்க வேண்டும். தள்ள முடிந்த நாள் என்றால் வட்டம், தள்ள முடியாத நாள் என்றால் பெருக்கல் குறி. கிழித்த தாளை எறியாமல் ரசீது குத்தும் கம்பியில் குத்திவைக்க வேண்டும். மறந்துவிடுவார்களே என்று ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிடுவாள். "தாள் கிழிச்சீங்களா? வட்டம் எத்தனை, பெருக்கல் எத்தனை? சரி, வெச்சிடறேன்." மூன்று நிமிடத்துக்கு மேல் போகாது. ஹெப்பகோடியில் அவர்கள் குடியிருந்த வீட்டில் அவள் கணவன் உத்தமன் காய் நறுக்கியபடி, "எங்க வூட்லயும் கால் சென்டர் தொறந்தாச்சுங்க, ஞாயித்துக்கெழமைகூட லீவு கெடையாது" என்று சன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்லுவான்.

மே மாதச் சுற்றில் பெண்கள் நாள்களைத் துல்லியமாகச் சொன்னார்கள். ஆகஸ்டில் இன்னும் துல்லியம். சொர்ணம் மனம் நிறைந்தாள். இதை அலுவலகத்தில் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. பென்சிலைச் சீவிக்கொண்டதை யாராவது மேலதிகாரியிடம் அறிவித்துக்கொண்டிருப்பார்களா?

செவ்வாய்க்கிழமை காலை அவள் சீனிவாசராகவனின் அறைக் கதவைத் தட்டினாள். உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை. நாள்காட்டி, ஆணி, கம்பி, ஞாயிற்றுக்கிழமை என எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் சொன்னாள். அவர் இடைமறிக்கவில்லை.

"எல்லா வீட்டுக்குமா?"

"எல்லா வீட்டுக்கும் சார்."

"லிங்கராஜபுரத்துக்கு?"

"அது வீணாவோட ஏரியா சார். நான் போகல."

"சொர்ணம்மா, நீங்க பண்ணினது என்னன்னு தெரியறதா? மனசு எப்படி இருக்குன்னு ஒருத்தி தெனமும் நின்னு பாத்து, ஒரு குறி போடறா. வாரம் ஒருதரம் ஒரு மனுஷி கூப்பிட்டுக் கேக்கறா. இதுக்குப் பேரே சிகிச்சைதான். புஸ்தகத்துல இருக்கு. காத்திருக்கற குழுவுக்கு ஒண்ணும் கொடுக்கப்படாதுன்னு வெச்சோம். நீங்க கொடுத்துட்டேள்."

"நான் கணக்கு சரியா வரணும்னுதான் சார்…"

"தெரியும். அதான் கஷ்டமா இருக்கு. சோம்பேறியா இருந்திருந்தா இது நடந்திருக்காது."

சொர்ணம் முந்தைய நாள் முழுதும் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். "அப்ப அதுவே நல்லதுதானே சார்? காலண்டரும் போனும் போதும், கொறையுதுன்னு எழுதலாமே. செலவும் கெடையாது."

அவர் சிரித்தார், அந்தச் சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை. "என்ன அளக்கப்போறோம், எதை ஒப்பிடப்போறோம்னு ஆரம்பத்துலயே எழுதிப் பதிவு பண்ணியாச்சும்மா. முடிவு வந்த அப்புறம் கேள்வியை மாத்திண்டா, அம்பு குத்தின எடத்தைச் சுத்தி வட்டம் போடற மாதிரி. எங்க துறை அப்படிப் பண்ணிப் பண்ணித்தான் மானம் போய் நிக்கறது. பழைய ஆய்வுகளைத் திருப்பிச் செஞ்சு பாத்தா, எத்தனையோ நிக்கவே இல்ல. நானும் அதையே பண்ணட்டுமா?"

"வேண்டாம் சார்" என்றாள். மனமறிந்துதான் சொன்னாள். அவரிடத்தில் அவள் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

அடுத்த வாரம், ஆய்வுகள் விதிப்படி நடக்கின்றனவா என்று பார்க்கும் மையத்தின் நெறிக் குழு கூடி, இடைக்கால ஆணை ஒன்றை அனுப்பியது. தொம்மலூரின் எண்களைக் கணக்கில் சேர்க்க இயலாது. அவை இல்லாமல் லிங்கராஜபுரத்தின் எண்களை வைத்து எதுவும் சொல்லவும் இயலாது. நாள்காட்டிகளையும் கிழித்த தாள்களையும் திரும்பப் பெற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அழைப்புகளை உடனே நிறுத்த வேண்டும். ஜனவரியில் எல்லோருக்கும் முறை என்பது ரத்து. ஆனால் கடைசிச் சுற்றில் பத்தும் அதற்கு மேலும் பெற்றவர்களை ஆபத்தில் விட்டுவிட முடியாது என்பதால், பயிற்சி பெற்ற பெண்களில் இருவரை மட்டும் ஆலோசகர்களாக மூன்று மாதம் வைத்துக்கொண்டு அவர்களுக்கு மட்டும் தரலாம். அப்படிப்பட்டவர்கள் பதினொரு பேர்.

பதினொரு பெயர்களையும் சொர்ணம் படித்தாள். ரத்தினம்மாள் அதில் இல்லை. பிப்ரவரியில் பத்தொன்பது வாங்கியவள் நவம்பரில் ஏழு. அந்த ஏழைப் பார்த்ததும் அவளுக்குச் சிறிது ஆறுதல்கூட ஏற்பட்டது. எது பாழானாலும் ஒருத்தி எழுந்து உட்கார்ந்தாளே!

டிசம்பர் 5-ஆம் நாள், வியாழக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு அவள் ரத்தினம்மாளின் வாசலில் நின்றாள்.

"வாம்மா சொர்ணா. இன்னா, ஞாயித்துக்கெழமை போனே காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லயோன்னு பயந்துக்கினு இருந்தேன்."

"நல்லாத்தான் இருக்கேன் ரத்தினக்கா. காலண்டரத் திருப்பி வாங்கிட்டுப் போக வந்தேன்."

"அதுக்கென்ன, இன்னும் ஒரு மாசம் கீதே?"

சொர்ணத்துக்குப் பூசி மெழுகத் தெரியாது. நாள்காட்டி கொடுத்ததே விதிக்குப் புறம்பு என்றும், தன்னால் ஆய்வுக்குத் தொந்தரவு வந்துவிட்டது என்றும், அலுவலகத்தில் அதை விசாரிக்கிறார்கள் என்றும் உள்ளதை உள்ளபடி சொன்னாள். ரத்தினம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"காலண்டரு குடுத்ததுக்கா? அது இன்னா சாராயமா?"

"விதின்னா விதிதானே அக்கா."

"அப்ப ஜனவரில நம்ம மொறை? அந்த லிங்கராஜபுரத்துப் பொம்பளைங்களுக்கு மாதிரி நம்ம கூடயும் வந்து ஒக்காந்து பேசுவாங்கன்னியே. நானு பக்கத்து வூட்டுல ஒரு சேரு கேட்டு வெச்சிட்டேன், வர்றவங்க ஒக்கார."

புத்தர் படத்தின் கீழே இப்போது இரண்டு நாற்காலிகள் இருப்பதைச் சொர்ணம் அப்போதுதான் கவனித்தாள்.

"ரொம்ப முடியாதவங்களுக்கு மட்டுந்தானாம் அக்கா. உங்களுக்குத்தான் நல்லா கொறஞ்சிடுச்சே. ஏழுதான்."

ரத்தினம்மாள் எழுந்துபோய்க் கம்பியோடு தாள்களை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டாள். சொர்ணம் கையை நீட்டினாள், ரத்தினம்மாள் கொடுக்கவில்லை.

"ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"மொதல்ல நெஜமாத்தான் போட்டுக்கினு இருந்தேன். அப்பால, நீ போன்ல கேக்கச்சொல்ல, பெருக்கலு அஞ்சு, ஆறுன்னா ஒன் கொரலு அப்டியே எறங்கிப்பூடும். 'சரி'ன்னுவே. அந்த 'சரி' எனக்குத் தாங்கல. நம்மளுக்காக ஒருத்தி போன் போடறா, அவளையும் ஏன் பேஜார் பண்ணணும்? அதான் வட்டமாப் போட்டேன்."

சொர்ணம் வாங்கிப் பார்த்தாள். ஜூன் மாதத்திலிருந்து வட்டம், வட்டம், வட்டம். தையல் போட்டதுபோல் ஒரே அளவில் இருந்தன.

"எல்லாமே பொய்யா?"

"எல்லாம்னு சொல்ல முடியாது. ஞாயித்துக்கெழமை நெஜம். நீ கூப்புடுவியே, அன்னிக்கு நல்லாத்தான் இருக்கும். மத்ததுல சிலது நெஜம், சிலது ஒனக்காக."

"எது எதுன்னு தெரியுமா அக்கா?"

"அதெல்லாம் இப்ப யாரு கண்டா? போடச்சொல்லவே எனக்குத் தெரியல."

"நவம்பர்ல நான் படிவத்தோட வந்து கேட்டப்ப?"

ரத்தினம்மாள் எதிர்க் கட்டடத்தைப் பார்த்தாள். கண்ணாடியிலிருந்து வெயில் அவள் முகத்தில் அடித்தது. அவள் கண்ணைக்கூடச் சுருக்கவில்லை. "அதையும் ஒனக்காகத்தான் சொன்னேன்" என்றாள்.

ஒன்பது மாதம் துல்லியம் என்று தான் அடுக்கிவைத்தது என்ன என்பது சொர்ணத்துக்கு அங்கே, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் விளங்கிற்று. ஐம்பத்தெட்டு வீடுகளில் எத்தனை வீட்டு வட்டங்கள் இப்படிப்பட்டவை? நாள்காட்டி அவர்களைக் குணப்படுத்தியதா, அல்லது அவர்கள் சொர்ணத்தின் மனத்தைக் குணப்படுத்திக்கொண்டிருந்தார்களா? இதைக் கேட்டு அறிய இனி வழியில்லை. யார் கேட்டாலும் அவர்கள் கேட்பவளின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள். அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ரத்தினம்மாள் ஏழு அல்ல. பத்துக்கு மேல்தான் இருக்க வேண்டும். அவளுக்கு முறை வர வேண்டும். மற்றவை போனால் போகட்டும், இந்த ஒருத்திக்காவது எதிர் நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார வேண்டும்.

அன்று பிற்பகலே அவள் சீனிவாசராகவனிடம் போனாள். "ஏழுன்னு நான் எழுதினது தப்பு சார். மறுபடியும் கேக்கணும்."

"நீங்க கேக்கப்படாது. இனிமே நீங்க அளந்தது எதுவும் செல்லாது."

"வீணா கேக்கட்டும்."

அவர் கருணை இல்லாதவர் அல்லர். "ஏழு, எட்டு, ஒம்பது வாங்கினவா எல்லாரையும் வீணா ஒருதரம் கேக்கட்டும். அந்த எண்தான் முடிவு. ஆனா நீங்க யாரையும் கூப்பிட்டுப் பேசப்படாது. இப்படிச் சொல்லு அப்படிச் சொல்லுன்னு சாடை காட்டினதாத் தெரிஞ்சா, அவா பேரையே எடுத்துடுவேன்."

"தெரியும் சார். அது என் விதியும்தான்."

வீணா போகவேண்டிய நாள் டிசம்பர் ஒன்பது, திங்கட்கிழமை. அதற்கு முந்தைய நாள் ஞாயிறு. காலை பத்து மணிக்குச் சொர்ணம் பழக்கத்தில் தொலைபேசியை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரே வாக்கியம் போதும்: 'உள்ளதைச் சொல்லுங்க அக்கா.' அதிலென்ன பிழை? பொய் சொல்லச் சொல்வதுதான் சாடை. மெய் சொல்லச் சொல்வதுமா? ஆம், அதுவும்தான். பதினோரு ஆண்டாக அதைத்தான் அவள் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். பதில் சொல்பவரை எந்தப் பக்கம் தள்ளினாலும் அது தள்ளுவதே. தள்ளி வாங்கிய பன்னிரண்டு தள்ளாமல் வாங்கிய ஏழைவிடக் கேடு. பெயரைத் திரையில் எடுத்தாள். விரல் அதன்மேல் நின்றது.

"கால் சென்டருக்கு இன்னிக்கு ஆளு இல்லயா?" என்று உத்தமன் சமையலறையிலிருந்து கேட்டான். அவள் முகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்தான். "ஒரு வார்த்தை பேசேன் சொர்ணம். ஒலகமா முழுகிடும்?"

"பேசினா அவங்க பேரு முழுகிடும்" என்று சொல்லித் தொலைபேசியைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். ஒரு மணி வரை கட்டிலை விட்டு எழவில்லை.

திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு வீணா திரும்பிவந்தாள். கைப்பையைக் கழற்றாமல் சொர்ணத்தின் மேசையருகே நின்றாள்.

"அக்கா, அஞ்சு."

"யாருக்கு?"

"ரத்தினம்மாவுக்கு. எல்லாக் கேள்விக்கும் 'ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, நல்லாயிருக்கேன்'னாங்க. செத்துடலாம்னு தோணுச்சான்னு கேக்கற கடைசிக் கேள்விக்கு மட்டும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அதுக்கும் 'இல்ல'ன்னுட்டாங்க. எழுந்து வரும்போது என் கையப் புடிச்சிக்கிட்டு, 'சொர்ணாவால யாரும் கெடலன்னு ஒங்க டாக்டராண்ட சொல்லும்மா, காலண்டரு போட்டு நானு ஜம்முனு கீறேன்னு சொல்லு, அவ வேலைக்கு ஒண்ணும் வந்துடக் கூடாது'ன்னாங்க."

சொர்ணம் பக்கத்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அவங்க உங்களுக்காகச் சொல்றாங்கக்கா. பாத்தாலே தெரியுது. வீட்டுல அடுப்பே பத்தவெக்கல. காலண்டர் மாட்டின ஆணில ஒண்ணும் இல்ல, அதைப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்காங்க. நான் என்ன பண்றது?"

"படிவத்துல என்ன எழுதின?"

வீணா தலையைக் குனிந்தாள். "அவங்க சொன்னதத்தான். நான் நெனச்சதுக்குக் கட்டம் இல்லயே."

சொர்ணம் படிவத்தை வாங்கிப் பார்த்தாள். ஒன்பது விடைகளும் அடித்தல் திருத்தல் இல்லாமல், கட்டத்துக்குள் நேராக, தெளிவாக இருந்தன. கூட்டலும் சரி. அதில் அவளால் ஒரு குறையும் காண முடியவில்லை.

"சரியா எழுதியிருக்க" என்றாள்.

அந்த 'சரி' கீழிறங்கி ஒலித்ததை அவளே கேட்டாள்.

டிசம்பர் 20-ஆம் நாள், வெள்ளிக்கிழமை, பகல் மூன்று மணிக்கு நெறிக் குழு இறுதியாகக் கூடியது. சீனிவாசராகவன், வீணா வாய்மொழியாகச் சொன்னதையும் சேர்த்து எடுத்துரைத்தார். கேட்டவர்கள் வருந்தினார்கள். ஒருவருடைய விடையை அவர் சொன்னதற்கு மாறாகக் கொள்ளத் தொடங்கினால் எந்த விடையையும் அப்படிக் கொள்ளலாம் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். அதற்கு மறுப்பு எழவில்லை. பின்வருமாறு முடிவாயிற்று.

ஆய்வு, முடிவு எதையும் கூற இயலாத நிலையில், அத்துடன் நிறுத்தப்படும். பேச்சு உதவியதா, நாள்காட்டி உதவியதா, இரண்டுமே உதவவில்லையா என்பதைக் குறித்து மையம் எதுவும் வெளியிடாது. ஜனவரி முதல் மார்ச் வரை ஆலோசனை பெறுவோர் பதின்மூவர்; முன்பிருந்த பதினொருவரோடு, மறு அளவையில் பத்தைத் தொட்ட இருவர் சேர்க்கப்பட்டனர். ரத்தினம்மாளின் அளவை ஐந்து என்பதால் அவர் நலமடைந்தோர் பட்டியலில் வைக்கப்பட்டார். அந்தப் பட்டியலில் உள்ளோருக்கு, தேவைப்பட்டால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம் என்று அச்சிட்ட கடிதம் ஒன்று அஞ்சலில் அனுப்பப்படும். களப்பணியாளர் சொர்ணத்தின் ஒப்பந்தம் டிசம்பர் 31-ஆம் நாளுடன் முடியும், அது புதுப்பிக்கப்படாது, ஆய்வில் பங்கேற்றவர்களோடு அவர் எவ்வகையிலும் தொடர்புகொள்ளலாகாது. அதற்கு அவர் கையொப்பமிட்டார். ஐம்பத்தெட்டு நாள்காட்டிகளும் கிழித்த தாள்களும் உறையிலிட்டு, முத்திரையிட்டு, விதிப்படி ஐந்து ஆண்டு காப்பறையில் வைக்கப்பட்டு, அதன்பின் அழிக்கப்படும்.